ஊமையான கார் ரேடியோ: வால்வையே பேசவைப்பதா, கூட்டுக்குள் புதுசு வைப்பதா?

பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. என்ஜின் ஓடுகிறது, பெயிண்ட் முடிந்தது, சீட்டும் தைத்தாயிற்று. டேஷ்போர்டு ரேடியோ மட்டும் ஊமை. தண்டையார்பேட்டைக்காரர் ஒருவரிடம் தாத்தா வாங்கிய ஆஸ்டின் ஏ40 இருக்கிறது. பெரம்பூரில் இன்னொருவரிடம் 1951 செவர்லே. இரண்டிலும் அந்தக் காலத்து வால்வு ரேடியோ, அதாவது டிரான்சிஸ்டருக்கு முன்னால் வந்த, சூடேறி வேலை செய்யும் கண்ணாடிக் குழல் செட். "கழட்டி எறிஞ்சிட்டு புளூடூத் செட் வைங்க சார்" என்று முதலாமவருக்கு எலக்ட்ரீஷியன் யோசனை சொல்லியிருக்கிறார். இரண்டாமவரிடம் டிவி மெக்கானிக் ஒருவர், "இதுக்கெல்லாம் இப்ப வால்வு எங்க கிடைக்குது?" என்று கைவிரித்துவிட்டார். இரண்டுமே மூடியைத் திறக்காமல் சொன்ன பதில்கள்.

ஏ40-க்கு நம் வட சென்னைப் பக்கத்து உரிமை ஒன்று உண்டு. இன்றைய அசோக் லேலண்ட், 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, எண்ணூரில் முதலில் பூட்டி வெளியே அனுப்பியது லாரியை அல்ல, இந்த ஆஸ்டின் காரைத்தான். அப்படிப்பட்ட வண்டியின் ரேடியோவை எறிவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

எது செத்திருக்கும்?

பெரும்பாலும் வால்வு அல்ல. பத்து இருபது வருஷம் ஓடாமல் கிடந்த செட்டில்கூட வால்வுகள் நன்றாகவே இருக்கும். அமெரிக்க செட்டுகளில் வரும் 6பிஏ6, 6பிஇ6, 6ஏவி6 போன்றவையும் அவற்றின் 12 வோல்ட் உறவுக்காரர்களும் அந்தக் காலத்தில் ஏராளமாகத் தயாரானவை. நம் நாட்டிலேயே பெங்களூர் பி.இ.எல். 1961-லிருந்து ரேடியோ வால்வு செய்தது. ரிச்சி தெருவில் பழைய ஸ்டாக் வைத்திருப்பவர்களிடமும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பொறுமையாகத் தேடினால் இன்னும் சிக்கும்.

சாவது கண்டன்சரும் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கும் சின்ன உறுப்பு) வைப்ரேட்டரும். பேட்டரி தருவது 6 அல்லது 12 வோல்ட், வால்வுக்கு வேண்டியதோ 200, 250 வோல்ட். டி.சி. மின்சாரம் நேராக டிரான்ஸ்பார்மரில் ஏறாது. அதனால் வைப்ரேட்டர் என்ற சின்னத் தகர டப்பாவுக்குள் ஒரு எஃகு நாக்கு, நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கிறது. ரேடியோவைப் போட்டதும் முதலில் கேட்குமே ஒரு "உம்ம்", அது இதன் குரல்தான். சத்தம் வெளியே வராமலிருக்க டப்பாவுக்குள் ரப்பர் ஸ்பாஞ்ச் சுற்றியிருப்பார்கள். இப்போது திறந்தால் அது உருகி, தாரைப் போல் விரலில் ஒட்டும். நாக்கின் முனைகளில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்து மின்சாரத்தை மறிக்கும்.

அந்த டிரான்ஸ்பார்மரின் உயர் வோல்ட் சுற்றுக்குக் குறுக்கே பஃபர் கண்டன்சர் என்று ஒன்று நிற்கும். 1600 வோல்ட் தாங்கும்படி போட்டிருப்பார்கள். எந்த வழியில் போனாலும் பழைய வால்வு செட்டை ஓட்டப்போகிறீர்கள் என்றால் முதலில் மாற்ற வேண்டியது இதை. இது ஷார்ட் ஆனால் வைப்ரேட்டர் முனைகள் பற்றிக்கொள்ளும், அதற்குள் ஃபியூஸ் போகாவிட்டால் டிரான்ஸ்பார்மர் வெந்துவிடும். கண்டன்சர் சில்லறைக் காசு, டிரான்ஸ்பார்மர் தேடினால் கிடைக்காத பொருள். அளவையும் மாற்றக் கூடாது. வைப்ரேட்டர் துடிப்புக்குக் கணக்குப் பார்த்து வைத்த அளவு அது. "கொஞ்சம் பெருசா போட்டா நல்லதுதானே" என்பவரிடம் செட்டைக் கொடுக்காதீர்கள்.

மற்ற ஊர்களைவிட நமக்கு ஒரு கூடுதல் தொல்லை, உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரத்தில் நின்ற வண்டியானால், செட்டின் தகரக் கூடு வெளியே பளபளத்தாலும் உள்ளே ஐ.எஃப். கேன்களை (நிலையத்தைப் பிரித்தெடுக்கும் காயில்கள் இருக்கும் சின்ன உலோக டப்பாக்கள்) கழற்றிப் பாருங்கள். தலைமுடி அளவுக் கம்பியில் சுற்றிய காயில்களில் எங்காவது பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தால், கம்பி அந்த இடத்தில் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்று பேசினாலும் அடுத்த மழைக்காலத்தில் நிற்கும். மீட்டரில் ஓம்ஸ் பார்த்துவிட்டுத்தான் செலவைப் பேச வேண்டும். மெழுகுக் காகிதக் கண்டன்சர்களும் ஈரத்தைக் குடித்துக் கசிய ஆரம்பித்திருக்கும். 2015 வெள்ளத்திலோ, 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் டேஷ்போர்டு வரை ஏறிய வண்டி என்றால் கதையே வேறு. அதற்குக் கீழே மூன்றாவது வழியைப் பாருங்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது?

எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. அந்தக் கால கார் ரேடியோவில் நமக்கு வருவது மீடியம் வேவ், சிலவற்றில் ஷார்ட் வேவும். இந்தியாவில் எஃப்.எம். முதன்முதலில் ஒலித்ததே சென்னையில்தான், 1977-ல். 1950-ம் வருஷத்து செட்டுக்கு அது தெரிய வழியில்லை. ஆகாசவாணியோ மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை ஊர் ஊராக மூடிக்கொண்டு வருகிறது. ஆகவே செலவு செய்யுமுன் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு, வண்டி வழக்கமாக ஓடும் தெருக்களில் சென்னை ஆகாசவாணியின் 720 கிலோஹெர்ட்ஸ் பக்கம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். எல்.இ.டி. விளக்கு, வெல்டிங் பட்டறை, உயர் அழுத்தக் கம்பி எல்லாமே மீடியம் வேவில் கரகரக்கும். வட சென்னையில் இந்த மூன்றுக்கும் பஞ்சமில்லை.

அடுத்தது வோல்ட்டும் எர்த்தும். எர்த் என்பது பேட்டரியின் எந்த முனை வண்டியின் பாடியோடு இணைந்திருக்கிறது என்பது. ஆஸ்டின் ஏ40-ல் 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 1951 செவர்லேயில் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். அதே காலத்து ஃபோர்டில் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். புத்தகத்தை நம்பாமல் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையைக் கண்ணால் பாருங்கள்.

மூன்றாவது, செய்ததைத் திரும்ப அவிழ்க்க முடியுமா என்பது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம். இன்று உங்களுக்குப் புளூடூத் வேண்டும், நாளை உங்கள் மகனுக்கு ஒரிஜினல் வேண்டியிருக்கும். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி, 50 வருஷம் தாண்டிய வண்டியில் சேஸிஸ், பாடி, என்ஜின் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது, ரேடியோவைக் கேட்பதில்லை. ஆனால் பழைய கார் ராலியில் மதிப்பெண் போடுகிறவர் டேஷ்போர்டுக்குள் எட்டிப்பார்ப்பார்.

கடைசியாக, யார் செய்வார் என்பது. அதைக் கடைசியிலேயே பார்ப்போம்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | கேட்கக் கிடைப்பது | ஒளிந்திருக்கும் செலவு | பின்வாங்க முடியுமா |
|---|---|---|---|
| அச்சு அசல் பழுது | மீடியம் வேவ், சிலவற்றில் ஷார்ட் வேவும் | வைப்ரேட்டர் தேய்மானம், கூலி, காத்திருப்பு | தேவையே இல்லை |
| வால்வு அதே, வைப்ரேட்டர் மின்னணு | மீடியம் வேவ், விரும்பினால் போன் பாட்டும் | பார்சல், கஸ்டம்ஸ் | முடியும் |
| கூடு பழசு, உள்ளே புதுசு | எஃப்.எம்., புளூடூத் | ஒரிஜினல் உறுப்புகள் தொலைவது | பழசைப் பத்திரப்படுத்தினால் மட்டும் |
| பழசைத் தொடாமல் மறைவாகப் புதுசு | எல்லாம் | வயரிங், 6 வோல்ட் வண்டியில் கன்வெர்ட்டர் | முழுமையாக |

வழி 1: அச்சு அசலாகப் பழுது பார்ப்பது

காகிதக் கண்டன்சரின் குடலை எடுத்துவிட்டு அதே கூட்டுக்குள் புது கண்டன்சரை ஒளித்து, மெழுகு ஊற்றி மூடுவது வரை இதில் சேரும். வைப்ரேட்டரையும் திறந்து, முனைகளைத் துடைத்து, புது ஸ்பாஞ்ச் வைத்து மூடுவார்கள். பொருள் செலவு குறைவு, கூலி அதிகம். மாதக்கணக்கில் ஆகும்.

ராலிக்குப் போகும் வண்டி, முழு செட்டும் கை படாமல் இருக்கிறது, உங்களுக்கும் அவசரமில்லை என்றால் இதுவே சரி. ஆனால் துடைத்த வைப்ரேட்டர் எத்தனை நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். 12 வோல்ட் வால்வு செட் 3, 4 ஆம்பியர் குடிக்கும். 6 வோல்ட் செட் 6-லிருந்து 8 வரை போகும். ஏ40 போன்ற பிரிட்டிஷ் வண்டியின் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே சுமார் 20 ஆம்பியர்தான். ஐட்லிங்கில் ஒன்றுமே தராது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஹெட்லைட்டும் ரேடியோவும் போட்டு நின்றீர்கள் என்றால் பாட்டுக் கேட்டது பேட்டரியின் செலவில். இது இரண்டாவது வழிக்கும் பொருந்தும்.

வழி 2: வால்வு அப்படியே, வைப்ரேட்டர் மட்டும் மின்னணு

தண்டையார்பேட்டை நண்பருக்கு நான் சொன்னது இதைத்தான். வைப்ரேட்டர் டப்பாவின் அதே வடிவில், உள்ளே எஃகு நாக்குக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள் வைத்துச் செய்த மாற்று கிடைக்கிறது. அமெரிக்க செட்டுக்கு அதே சாக்கெட்டில் அப்படியே செருகலாம். பிரிட்டிஷ் செட்டுக்கு ஊசி அமைப்பு மாறும், அடிப்பாகத்தைக் கொஞ்சம் மாற்றி வயர் இழுக்க வேண்டிவரும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சாமானின் விலைக்கு மேல் பார்சலும் கஸ்டம்ஸும் நிற்கும். கைத்திறன் உள்ளவர் இரண்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும் துடிப்பு தரும் ஒரு ஆசிலேட்டரும் வைத்து இங்கேயே கட்டிவிடுவார்.

ஆர்டர் போடும்போது எர்த்தைச் சொல்ல மறக்காதீர்கள். இந்த மின்னணு வைப்ரேட்டர்களில் பாசிட்டிவ் எர்த்துக்கு ஒன்று, நெகட்டிவ் எர்த்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். மாற்றிச் செருகினால் அந்த நொடியே போச்சு. பழைய வைப்ரேட்டர் ரெக்டிபையர் வேலையையும் (ஏ.சி.யைத் திரும்ப டி.சி. ஆக்குவது) சேர்த்துப் பார்க்கும் வகையா என்பதும் தெரிய வேண்டும். ரெக்டிபையர் வால்வு இல்லாத செட்டில் பெரும்பாலும் வைப்ரேட்டரே அதைச் செய்திருக்கும்.

சில அமெரிக்க செட்டுகளில் 0இசட்4 என்று இழை இல்லாத வாயு ரெக்டிபையர் இருக்கும். அது கிழடு தட்டினால் விட்டுவிட்டுப் பேசும். அதன் சாக்கெட்டில் டயோடு போடுவது சுலபம்தான். ஆனால் அதில் வோல்ட்டேஜ் இழப்பு 0இசட்4-ஐவிடக் குறைவு என்பதால் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களைத் தாராள வோல்ட்டில் போடச் சொல்லுங்கள்.

போன் பாட்டும் வேண்டும் என்பவர்களுக்கு: வால்யூம் கன்ட்ரோலின் மேல் முனையில் ஒரு கண்டன்சர் வழியாகச் சின்ன வயர் ஒன்றை இழுத்துப் பின்னால் விடலாம். ஒரு துளைகூடப் போட வேண்டாம். 6ஏக்யூ5 வால்வு வழியாக வரும் பாட்டு வட்டமாக, கொஞ்சம் மந்தமாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் மட்டும் ஜாக்கிரதை. ரேடியோவின் கூடு பேட்டரியின் பிளஸ். அதே வண்டியிலிருந்து சார்ஜ் ஏறும் போனின் எர்த்தோ மைனஸ். இரண்டையும் ஆடியோ வயரில் இணைத்தால் முழு பேட்டரியும் அந்த மெல்லிய வயர் வழியாக ஷார்ட் ஆகும். போனை சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டுச் செருகுங்கள், அல்லது சொந்த பேட்டரியில் ஓடும் புளூடூத் ரிசீவரை வையுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் வந்த சில 12 வோல்ட் செட்டுகளில் வைப்ரேட்டரே கிடையாது. வால்வுகள் பேட்டரியின் 12 வோல்ட்டிலேயே ஓடும், ஸ்பீக்கரைத் தள்ளுவது ஒரு டிரான்சிஸ்டர். அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

வழி 3: கூடு பழசு, உள்ளே புதுசு

முன்பக்கம், குமிழ், டயல் எல்லாம் அப்படியே. உள்ளே எஃப்.எம்., புளூடூத் போர்டு. மீடியம் வேவ் அளவுகோலில் ஊசி 700-ல் நிற்கும்போது ஸ்பீக்கரில் 101.4 பாடும். சிலருக்கு அது வேடிக்கை, எனக்கு உறுத்தல்.

இதன் பெரிய செலவு பில்லில் வராது. உள்ளிருந்து கழற்றிய சேஸிஸ், டிரான்ஸ்பார்மர், காயில் எல்லாம் பட்டறை மூலையில் கிடந்து, கொஞ்ச நாளில் மூலக்கொத்தளம் பழைய இரும்புக் கடைக்கு எடையில் போய்விடும். பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதே செட் திரும்பாது. ஆகவே முழுதாக இருக்கும் செட்டில் இதைச் செய்யாதீர்கள்.

ஆனால் பெரம்பூர் செவர்லேயின் நிலை வேறு. முந்தைய சொந்தக்காரர் யாரோ ஏற்கெனவே வால்வுகளையும் டிரான்ஸ்பார்மரையும் பிடுங்கிவிட்டார், மிச்சம் கூடும் டயலும்தான். வெள்ளத்தில் மூழ்கிக் காயில்கள் எல்லாம் பச்சையான செட்டும் இதே கணக்கு. அங்கே இழக்க ஒன்றுமில்லை, இந்த வழியே நல்ல வழி. அவர் வண்டி 6 வோல்ட் என்பதால் போர்டுக்கு 12 வோல்ட் ஏற்றித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். மலிவான கன்வெர்ட்டர் போடும் இரைச்சல் எஃப்.எம்.மிலும் கேட்கும். தகரப் பெட்டியில் மூடி எர்த் பண்ணியதாக வாங்குங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால் போர்டின் உடம்பு எங்கேயும் பாடியில் படக் கூடாது, பிளாஸ்டிக் தாங்கிகளில் நிறுத்த வேண்டும், ஏரியல் வயரின் உறை உட்பட.

வழி 4: பழசைத் தொடாமல், மறைவாக இன்னொன்று

குளவ் பாக்ஸிலோ சீட்டுக்கடியிலோ சின்ன புளூடூத் ஆம்ப்ளிபயர் ஒன்று. பழைய ரேடியோ அழகுக்கு அங்கேயே இருக்கும், காசும் நேரமும் கூடும்போது வழி 1-க்கோ 2-க்கோ போகலாம். முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இது போதும். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் வண்டிக்கும் இதுதான் பொருத்தம், பாட்டு நிற்கக் கூடாதல்லவா.

துணி சுற்றிய பழைய வயரிலிருந்து மட்டும் இதற்கு மின்சாரம் எடுக்காதீர்கள். வளைத்தால் பொடியும் வயர் அது. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர். பழைய ஸ்பீக்கரையும் இதற்கு இரவல் வாங்க வேண்டாம். பழைய வகை ஸ்பீக்கர் சிலவற்றில் காந்தமே கிடையாது, ரேடியோவிலிருந்து மின்சாரம் போனால்தான் காந்தமாகும்.

"ஓடுற செட் ஒண்ணு வாங்கி மாட்டிடலாமே" என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: விற்பவர் சொல்லும் "வொர்க்கிங்", பெரும்பாலும் டயல் பல்பு எரிவதைப் பார்த்துச் சொன்னது.

பேசினாலும் கரகரக்கிறதா?

செட்டைக் குறை சொல்லுமுன் என்ஜினைப் பாருங்கள். என்ஜினை நிறுத்தினால் சத்தம் நிற்கிறது என்றால் சப்ரஸர் (என்ஜின் மின்பொறியின் இரைச்சலை அடக்கும் உறுப்பு) வேலை. டைனமோவின் டி முனையில் ஒரு கண்டன்சர், இக்னிஷன் காயிலில் சுவிட்சிலிருந்து வரும் முனையில் ஒன்று, பிளக் வயர்களில் ரெசிஸ்டர். டைனமோவின் எஃப் முனையில் எந்தக் காரணத்துக்காகவும் கண்டன்சர் போடக் கூடாது, டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியின் பாயிண்டுகள் கருகும். ஏரியல் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலான செட்டுகளில் சின்ன திருகு ஒன்று இருக்கும். ராத்திரியில் டயலின் 1400 பக்கம் மெலிதாகக் கேட்கும் தூரத்து நிலையம் ஒன்றைப் பிடித்து, சத்தம் கூடும்வரை அந்தத் திருகைத் திருப்புங்கள். ஏரியல் மாற்றியவர்கள் பலர் இதைச் செய்யாமலே "செட் வீக்" என்கிறார்கள்.

யார் கையில் கொடுப்பது?

வால்வு தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் ரேடியோக் கடை வைத்திருந்து, கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களை விசாரியுங்கள். வால்வு ஆம்ப்ளிபயர் கட்டும் இளைஞர்களும் கைகொடுப்பார்கள்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "செட்டை வாங்கினதும் முதல்ல என்ன பண்ணுவீங்கண்ணே?" "பேட்டரி குடுத்துப் பார்ப்பேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பஃபரையும் எலக்ட்ரோலிட்டிக்கையும் மாற்றிவிட்டு, ஸ்பீக்கரை இணைத்து, ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தொடராக வைத்து மெதுவாகக் கரண்ட் காட்டுவேன் என்று சொல்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து செட்டைக் காப்பாற்றும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து, அதனால்தான் அதை முதலில் இணைப்பது. நீங்களே திறப்பதாக இருந்தால், 12 வோல்ட் வண்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே 250 வோல்ட் நிற்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் கொஞ்ச நேரம் தங்கும்.

கழற்றிய பழைய உறுப்புகளை ஒரு கவரில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். கூட்டின் பின்புறம் வோல்ட்டும் எர்த்தும் பெயிண்டால் எழுதச் சொல்லுங்கள். வண்டியில் மாட்டுமுன் பேட்டரிப் பட்டையோடு அதை ஒத்துப்பார்த்துவிட்டு ஃபியூஸைப் போடுங்கள்.